ஆள் அங்கே, வீடு இங்கே

பத்திரப் பதிவு குறித்த வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஒருவரின் பதில்கள்

குவைத்தில் நர்ஸாக இருக்கிறேன். கும்பகோணத்தில் அப்பா எனக்கு செட்டில்மென்ட் எழுதிவைத்த வீட்டை 48 லட்சத்துக்குப் பேசி, 2 லட்சம் அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. எனக்கு மார்ச் வரை லீவு கிடையாது. வாங்குகிறவர் அதுவரை காத்திருக்க மாட்டார். என் சார்பில் கையெழுத்துப் போடத் தம்பி தயாராக இருக்கிறான். புரோக்கர், "ஜெனரல் பவர் ஒன்று அனுப்பிவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாசகத்தையும் அவரே வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறார். நகல் இணைத்துள்ளேன். கையெழுத்துப் போட்டு அனுப்பலாமா?
– வாசகி, குவைத்

அனுப்பாதீர்கள் அம்மா. பவர் என்பது உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட நீங்கள் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். அது இருந்தால் வீட்டை விற்க நீங்கள் நேரில் வரத் தேவையில்லை, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் இந்த வாசகத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நகலை இரண்டு முறை படித்தேன். "மேற்படி சொத்தை விற்கவும், அடமானம் வைக்கவும், வாடகைக்கு விடவும், தானம் கொடுக்கவும், தொகையைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுக்கவும்" என்று போகிறது. அதைவிட எனக்குத் திக்கென்றது இரண்டாம் பத்தி. உங்களுக்காகக் கையெழுத்திடும் ஏஜெண்டின் பெயர், அப்பா பெயர், வயது, முகவரி எழுத வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிக்கோடு. அந்தக் கோட்டில் உங்கள் தம்பியின் பெயர்தான் ஏறும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 31 வருடம் பதிவுத்துறையில் இருந்தேன். இப்படிக் காலியாக வந்து, யார் யாருடைய பெயரோ நிரப்பப்பட்ட தாள்களை மேசையில் பார்த்திருக்கிறேன். கையெழுத்து உண்மையானதாக இருக்கும். கையெழுத்துப் போட்டவருக்குத்தான் விஷயமே தெரியாது.

உங்களுக்குத் தேவை ஒரே ஒரு வீட்டுக்கு, ஒரே ஒரு விற்பனைக்கு மட்டும் செல்லும் சிறப்புப் பவர். தபசிலில், அதாவது சொத்து விவரப் பகுதியில், அந்த வீட்டின் சர்வே எண், கதவு எண், நான்கு எல்லை, பரப்பு எல்லாம் செட்டில்மென்ட் பத்திரத்தில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் வர வேண்டும். வாங்குகிறவர் பெயரும் விலையும் முடிவாகிவிட்டதால் அவற்றையும் எழுதிவிடுங்கள். தம்பிக்குக் கொடுக்கும் அதிகாரம் மூன்றே மூன்று: கிரயப் பத்திரத்தில் உங்களுக்காகக் கையெழுத்திடுவது, அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்வது, எழுதிக் கொடுத்ததைச் சார்பதிவாளர் முன் ஒப்புக்கொள்வது. சாவி ஒப்படைப்பதையும் மின் இணைப்பு, வீட்டு வரிப் பெயர் மாற்ற விண்ணப்பங்களில் கையெழுத்திடுவதையும் வேண்டுமானால் சேர்க்கலாம். அடமானம், தானம், வாடகை எதுவும் வேண்டாம். இன்னொருவரைத் தனக்குப் பதிலாக நியமிக்கும் அதிகாரமும் வேண்டாம். கடைசியில் ஒரு தேதி போட்டு, அதோடு இந்தப் பவர் காலாவதி என்று எழுதுங்கள். ஆறு மாதம் போதும்.

பணத்துக்குத் தனி வரி எழுத வேண்டும்: "கிரயத் தொகை முழுவதும் என் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும்; முகவர் தன் பெயரில் எத்தொகையும் பெற அதிகாரமில்லை." இதைத் தம்பியிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும், தெரியும். சொல்லிவிடுங்கள். நல்ல தம்பிக்கு இந்த வரி ஒரு கவசம். நாளைக்கு யாரும் அவரைப் பார்த்து, "அக்கா வீட்டுப் பணத்தில்தானே பைக் வாங்கினாய்" என்று கேட்க முடியாது. பணம் ஏஜெண்ட் கை வழியே போனதால் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் நிறையப் பேரை நான் பார்த்துவிட்டேன். அவர்களில் பலர் திருடியவர்களே இல்லை. கணக்கு எழுதி வைக்கத் தவறியவர்கள், அவ்வளவுதான்.

இனி கையெழுத்து. வரைவைக் கும்பகோணத்தில் ஒரு வக்கீலிடமோ ஆவண எழுத்தரிடமோ தயார் செய்யச் சொல்லுங்கள். வாங்குபவரின் ஆளும் வேண்டாம், புரோக்கரின் ஆளும் வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தம்பி அந்த வரைவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் காட்டி, ஏதாவது திருத்த வேண்டுமா என்று கேட்டுவிடட்டும். ஒரு சர்வே எண்ணின் உட்பிரிவு விட்டுப்போனதற்காக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவர்கள் உண்டு.

பிறகு நீங்கள் குவைத்திலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் எழுதும் பவர் எந்த அதிகாரி முன் கையெழுத்தாகிச் சான்று பெற வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு சொல்கிறது. நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதரக அதிகாரி எல்லாம் அதில் உண்டு. தூதரகச் சான்று இருந்தால் இங்கே யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள், அதனால்தான் அதைச் சொல்கிறேன். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் போடுங்கள். ஒட்டிய புகைப்படத்தின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாகத் தூதரக முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கூரியரில் அனுப்பியதும் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: கவரைக் கிழித்துப் போடாதே. வெளிநாட்டில் கையெழுத்தான ஆவணம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். இது முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லாரும் 'அட்ஜுடிகேஷன்' என்றுதான் சொல்வார்கள். எந்தத் தேதியில் வந்தது என்பதற்குக் கூரியர் கவர்தான் சாட்சி. நம் ஊரில் எழுதும் பவரை 2012 டிசம்பர் முதல் கட்டாயம் பதிவு செய்தாக வேண்டும். வெளிநாட்டில் எழுதியதற்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் இந்த அட்ஜுடிகேஷன் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு பதிவுக்கு வர முடியாது. குடும்பத்தார் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். டோக்கன் போட்டு, வாங்குபவரை ஊரிலிருந்து வரவழைத்து, வாசலில் வந்து நின்ற பிறகுதான் இப்படி ஒன்று இருப்பதே தெரியவரும்.

பதிவன்று காலை உங்களுக்கு டியூட்டி வேண்டாம். இங்கே 11 மணி என்றால் அங்கே எட்டரை. வாங்குபவர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே மீதித் தொகையை அனுப்பட்டும். அது உங்கள் கணக்கில் ஏறியதை நீங்கள் கண்ணால் பார்த்து, தம்பிக்குப் போன் செய்து "வந்துவிட்டது" என்று சொன்ன பிறகு அவர் பேனாவைத் திறக்கட்டும். டிடி என்றால் உங்கள் பெயரிலேயே எடுக்கச் சொல்லுங்கள். ரொக்கம் வேண்டாம். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை.

இன்னொன்றும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். "பவர் மட்டும் என் பெயருக்குக் கொடுங்கள், முழுப் பணமும் தந்துவிடுகிறேன், பத்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாங்குகிறவரே கேட்கக்கூடும். பவரை வைத்துச் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீடு காகிதத்தில் உங்களுடையதாகவே இருக்கும். அதில் யார் குடியிருந்து என்ன செய்தாலும் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும்.

நான் கனடா குடியுரிமை பெற்றவள், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருக்கிறது. 1998-இல் திருச்சியில் வாங்கிய வீட்டின் பத்திரத்தில் என் பெயர் அப்பாவின் இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். அன்று தமிழில் கையெழுத்துப் போட்டேன், இப்போது ஆங்கிலத்தில். விற்க முடியுமா?
– வாசகி, டொராண்டோ

தாராளமாக விற்கலாம். பெயர்தான் உங்கள் வேலை. நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். இந்த இரண்டும் முட்டிக்கொள்ளாத வெளிநாட்டுப் பவரை நான் பார்த்ததே இல்லை. பத்திரத்தில் 'கோ. மீனாட்சி' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'மீனாட்சி சுந்தரம்' என்று இருக்கும். கவுன்ட்டரில் இருப்பவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பெண்கள்தான் தெரிவார்கள்.

பவரின் முதல் பத்தியிலேயே இரண்டு பெயரையும் எழுதி, இருவரும் ஒருவரே என்று சொல்லிவிடுங்கள். பழைய இந்தியப் பாஸ்போர்ட், திருமணச் சான்று, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைச் சேருங்கள். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அந்த ஒரு புத்தகம் பத்து பிரமாணப் பத்திரத்துக்குச் சமம். கையெழுத்தை ஆங்கிலத்தில் போட்டு, அதன் கீழேயே 1998-இல் போட்டது போலத் தமிழிலும் போடுங்கள். இத்தனை வருடம் கழித்துக் கை அப்படியே வருமா என்று கேட்பீர்கள். வரும். என் முன்னால் ஒரு பாட்டி நடுங்கும் கையால் தன் பழைய கையெழுத்தை எழுதிக் காட்டினார். கடைசி எழுத்தின் வளைவு பழைய பத்திரத்தில் இருந்த மாதிரியே வந்து விழுந்தது.

ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்பதற்கான சான்று முத்திரைதான் அப்போஸ்டில். கனடா 2024 ஜனவரியிலிருந்து அந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டதால், அங்குள்ள நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அப்போஸ்டில் முத்திரை வாங்குவதும் ஒரு வழி. ஆனால் வீடு எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருக்கிறதோ அங்கே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியத் தூதரகச் சான்றுக்கே பழகிய அலுவலகங்கள் இன்னும் நிறைய உண்டு.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். வரி விஷயம் புரியவில்லை. வாங்குகிறவர், "ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன்" என்கிறார். சரிதானா?
– வாசகர், சிங்கப்பூர்

சரியில்லை தம்பி. அந்த ஒரு சதவீதம், விற்பவர் இந்தியாவில் வசிப்பவராகவும் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆகவும் இருந்தால்தான். நீங்கள் வருமான வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் நபர் என்றால், 50 லட்சத்துக்குக் குறைவாக விற்றாலும் வாங்குபவர் வரி பிடித்துக் கட்டியே ஆக வேண்டும். பிடிக்காமல் விட்டால் துறை அவரைத்தான் தேடி வரும்; அவர் உங்களைத் தேடி வருவார். அதனால் நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதைப் பேச்சின் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பத்திரத்திலும் எழுதுங்கள்.

மேலே குவைத் சகோதரி சொன்ன 48 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், அதன் மேல் 4 சதவீதம் செஸ். வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும் சேரும். வரி லாபத்துக்குத்தான். ஆனால் லாபம் எவ்வளவு என்பது வாங்குபவருக்குத் தெரியாதே என்று பெரும்பாலும் முழு விலைக்கும் பிடித்துவிடுவார்கள்: 6,24,000 ரூபாய். உண்மையான லாபம் 15 லட்சம்தான் என்றால் கட்ட வேண்டியது 1,95,000. மிச்சத்தை ரிட்டர்ன் தாக்கல் செய்து, காத்திருந்து வாங்க வேண்டும். இதைத் தவிர்க்க, பத்திரத்துக்கு முன்பே வருமான வரித்துறையில் குறைந்த விகிதப் பிடித்தச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். நல்ல ஆடிட்டர் ஒருவர் செய்து கொடுப்பார். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் பவர் வேலையும் இதுவும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். பான் எண் இல்லையென்றால் அதுதான் முதல் வேலை.

அப்பாவிடமிருந்து வந்த வீடு என்றால் அவர் வாங்கிய விலையே உங்கள் அடக்க விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் அவர் வாங்கியிருந்தால் அன்றைய தேதிக்கான சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய முத்திரைக் கட்டண மதிப்பைத் தாண்டக் கூடாது.

பணத்தை என்ஆர்ஓ கணக்கில், அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கில், வாங்குங்கள். வரி கட்டியதற்கான ஆடிட்டர் சான்றோடு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே எடுத்துச் செல்லலாம்.

என் அம்மா இதே ஊரில்தான் இருக்கிறார். பக்கவாதத்தில் படுத்த படுக்கை. இதற்கும் பவர்தான் வழியா?
– வாசகர், திண்டுக்கல்

பவரே வேண்டாம். உடல் முடியாதவர்களின் வீட்டுக்குச் சார்பதிவாளரே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து, அதற்கான கட்டணத்தைக் கட்டுங்கள். வருகிற அலுவலர் அம்மாவிடம் தனியாகப் பேசுவார், "எதை எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று தெரியுமா" என்று கேட்பார். அந்த நேரத்தில் நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். அம்மாவுக்கு நினைவும் பேச்சும் தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது, எங்களோடு மெல்போர்னில் இருக்கிறார். மதுரை வீட்டை விற்க மாமாவுக்குப் பவர் கொடுத்து, அட்ஜுடிகேஷனும் முடிந்தது. இப்போது அப்பா உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிறார்கள். "நான் செத்துட்டேனான்னு கேட்கிறானா?" என்று அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். இது அவசியமா?
– வாசகர், மெல்போர்ன்

அப்பாவின் வருத்தம் நியாயமானது. சான்றும் அவசியமானது. பவர் கொடுத்தவர் இறந்த நொடியில் பவரும் செத்துவிடும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதனால்தான் தமிழ்நாட்டில் பவர் ஏஜெண்ட் எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கு உயிர்வாழ் சான்று கேட்கிறார்கள். அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அப்பாவை அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அழைத்துப் போய் வாங்குங்கள். பதிவுத் தேதியை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு வாங்குங்கள். முன்னதாக வாங்கி, தேதி தள்ளிப்போய், அந்தப் பெரியவரை இரண்டாம் முறை அலைய விடாதீர்கள்.

அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். இந்தச் சான்று கட்டாயம் ஆவதற்கு முந்தைய காலம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பிற்பகல் மூன்று மணி டோக்கன். மஸ்கட்டில் இருந்த அண்ணனுக்காகத் தம்பி வந்திருந்தார். தாள் எல்லாம் சுத்தம். தூதரக முத்திரை, தீர்வை, எல்லாம் சரி. கட்டை விரலில் மை தடவியாகிவிட்டது. அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. மை விரலைத் தூக்கிப் பிடித்தபடி இடது கையால் எடுத்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். மை வேட்டியில் ஒட்டியது.

அண்ணன் மதியம் வேலைத்தளத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

கூட வந்த ஒருவர் என் மேசைக்கு அருகில் குனிந்து, "அம்மா, இன்னும் யாருக்கும் தெரியாதே. ரெண்டு நிமிஷ வேலை. அந்தக் குடும்பத்துக்கும் பணம் வேணும்ல" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக இன்றும் நான் நினைக்கவில்லை. வாங்க வந்தவர் கடன் வாங்கிப் பணம் கொண்டுவந்திருந்தார், அவர் முகமும் வெளிறிப்போயிருந்தது. எனக்கும் கை நடுங்கியது. தம்பிதான் தலை தூக்கி, "இல்லைங்க, அண்ணி கையெழுத்துப் போடணும். இனிமே அது அவங்க வீடு" என்றார். நான் தாள்களை அடுக்கி அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். விரல் துடைக்கப் பியூன் பழைய துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து வாரிசுச் சான்றோடு அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வாங்கியவர் அதே ஆள், விலையும் அதே விலை. அத்தனை மாதமும் அவர் காத்திருந்தார். தம்பி அன்று சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.